சராசரிக்குள் மறையும் சேரி

புள்ளிவிவரம் என்றாலே நம் எழுத்தாளர்கள் பலருக்கு ஓர் ஒவ்வாமை. கவிதை, தன்வரலாறு, சாட்சியம் இவைதான் நம் எழுத்து, கணக்கு என்பது அதிகாரிகளின் எழுத்து என்று ஒதுக்கி வைத்துவிட்டோம். அம்பேத்கர் அப்படி ஒதுக்கவில்லை. 1927 மார்ச்சில் பம்பாய் சட்டசபையில் கல்வி மானியம் பற்றிப் பேச எழுந்தவர் யாரிடமும் இரக்கம் கேட்கவில்லை. எண்களைச் சாதிவாரியாகப் பிரித்துப் போட்டார். தொடக்கப் பள்ளியில், அந்தந்த வகுப்பின் மக்கள்தொகையில் ஆயிரத்துக்கு எத்தனை மாணவர்? முன்னேறிய இந்துக்கள் 119, முஸ்லிம்கள் 92, இடைநிலை வகுப்பார் 38, தீண்டப்படாதோரை உள்ளடக்கிய பிற்பட்ட வகுப்பு 18. உயர்நிலைப் பள்ளிக்குப் போனால் லட்சத்துக்கு 3000 அங்கே, 14 இங்கே. கல்லூரியில் இரண்டு லட்சத்துக்கு 1000 அங்கே. நம் பக்கம் ஏறத்தாழ சுழி.

அதே பேச்சில் இன்னொரு கணக்கும் உண்டு. பள்ளியில் சேரும் நூறு பிள்ளைகளில் நான்காம் வகுப்பை எட்டுபவர்கள் 18 பேர்தான் என்றார். எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று கேட்பது ஒரு கேள்வி. சேர்ந்தவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்பது வேறு கேள்வி. இந்த இரண்டாவது கேள்விதான் அரசுகளுக்கு எப்போதும் வயிற்றைக் கலக்கும்.

எண்களும் ஒரு பிரதிதான். யார் எழுதியது, யார் வாசிக்க எழுதியது, எதை விட்டுவிட்டு எழுதியது என்று ஒரு நாவலைக் கேட்பதுபோல அதையும் கேட்கலாம். அப்படித்தான் நான் பள்ளிக்கல்வித் தரவுகளை வாசிக்கிறேன். ஒன்றிய அரசின் யுடைஸ் பிளஸ் 2022-23 முதல் ஒவ்வொரு மாணவரையும் தனித்தனியாகப் பதிகிறது. தமிழ்நாட்டில் எமிஸ் இருக்கிறது. பிள்ளைக்கு ஒரு எண், வருகை, சாதி, விலையில்லாப் பொருள்கள் வாங்கிய விவரம் எல்லாம் அதில் ஏறுகின்றன. ஏற்றி ஏற்றி ஆசிரியர்களுக்குக் கை ஓய்ந்துபோகிறது. பாடம் நடத்த விடுங்கள் என்று அவர்களின் சங்கங்கள் கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் இவ்வளவு ஏற்றியும் வெளியே வருவது என்ன? மாநிலச் சராசரி, மாவட்டச் சராசரி. ஊர்த்தெருப் பிள்ளையையும் சேரிப்பிள்ளையையும் கூட்டி இரண்டால் வகுத்தால் சேரி காணாமல் போகும். தீண்டாமையை இத்தனை சுத்தமாக ஒழித்தது சராசரி ஒன்றுதான்!

இந்தப் பிரதி விட்டுவிடுகிற இடங்களைப் பார்ப்போம். பள்ளியில் கழிப்பறை உண்டா, தண்ணீர் உண்டா என்று படிவம் கேட்கும். உண்டு என்று குறித்தால் முடிந்தது. அதை யார் கழுவுகிறார்கள் என்று ஒரு கட்டம் இல்லை. 2022-இன் இறுதியில் ஈரோடு மாவட்டத்தில் பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்தார் என்ற புகாரில் ஒரு தலைமையாசிரியை கைதானார். படிவத்தின் கண்ணுக்கு, சுத்தமான கழிப்பறை உள்ள பள்ளியாகத்தான் அதுவும் தெரிந்திருக்கும்.

ஓம்பிரகாஷ் வால்மீகியின் ‘ஜூட்டன்’ (1997) நம்மில் பலர் வாசித்தது. வகுப்பில் உட்காரவிடாமல் சிறுவனைப் பள்ளி முழுக்கப் பெருக்க வைக்கிறார்கள். சேர்க்கைக் கணக்கில் அவன் யார்? பள்ளியில் படிக்கும் பிள்ளை. சேர்க்கை விகிதத்தை உயர்த்திக் காட்டுகிற ஓர் எண். தன்வரலாறு சொல்கிற உண்மையும் பதிவேடு சொல்கிற உண்மையும் ஒரே பையனைப் பற்றியவைதான். ஒன்றின் பக்கத்தில் மற்றொன்றை வைத்து வாசிக்காதவரை இரண்டுமே அரைகுறை.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்தது இதைவிடக் கொடுமை. சக மாணவர்களின் சாதித் தொல்லை தாங்காமல் ஒரு பன்னிரண்டாம் வகுப்புப் பையன் பள்ளிக்குப் போகாமல் இருந்தான். ஏன் வரவில்லை என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. புகார் போனது. அன்றிரவே வீடு புகுந்து அவனை வெட்டினார்கள், தடுத்த தங்கையையும் வெட்டினார்கள். வராத அந்த நாள்களுக்குப் பதிவேட்டில் இருக்கக்கூடியது ‘ஆப்சென்ட்’ என்ற ஒரு குறிதான். ஏன் என்பதற்கு அதில் இடம் இல்லை. அடுத்த ஆண்டு அதே பையன் 600-க்கு 469 வாங்கினான். தேர்ச்சி விகிதத்தில் அவனையும் சேர்த்து எண்ணிப் பெருமைப்பட்டுக்கொண்டோம்.

அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வருகைப் பதிவேட்டில் சாதிக்கட்டம் கூடாது, வகுப்பில் சாதி சொல்லி அழைக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. நான் எட்டாவது படிக்கும்போது உதவித்தொகைப் படிவம் வந்த அன்றைக்கு, “எஸ்.சி. பசங்கல்லாம் எந்திரிங்க” என்றார் வாத்தியார். எந்திரிச்சோம். அதுவரைக்கும் தெரியாத பையன்களுக்கும் அன்னைக்குத் தெரிஞ்சுபோச்சு. அதனால் இந்தப் பரிந்துரையின் அருமை எனக்குத் தெரியும். ஆனால் இதை வைத்துக்கொண்டு, “சாதியே கேட்கக் கூடாது, கணக்கிலும் எடுக்கக் கூடாது” என்று சில முற்போக்காளர்கள் கிளம்புகிறார்கள். அது வேறு விஷயம். சாதி வகுப்பறையில் மறைய வேண்டும், அறிக்கையில் தெரிய வேண்டும். இன்றைக்கு நடப்பது தலைகீழ். வகுப்பறையில் எந்திரிச்சு நிற்கிறோம், அறிக்கையில் காணாமல் போகிறோம்.

பிரிப்பது என்றால் எதுவரை பிரிப்பது? தமிழ்நாட்டுப் பட்டியலில் 76 சாதிகள். 2009-இல் அருந்ததியர் உள்ஒதுக்கீடு வந்த பிறகு மாநிலப் பதிவுகளில் அவர்களுக்குத் தனிக் குறியீடு உண்டு. ஒன்றியக் கணக்குக்குப் போனால் எல்லோரும் ‘எஸ்.சி.’ என்ற ஒரே கட்டத்துக்குள் அடைபடுகிறார்கள். துப்புரவுத் தொழிலாளியின் மகளும், இரண்டு தலைமுறை அரசு வேலை பார்த்த வீட்டுப் பிள்ளையும் அங்கே ஒன்று. புதிரை வண்ணார் பிள்ளை எங்கே இருக்கிறதென்று தேடினாலும் கிடைக்காது. இப்படிப் பிரிப்பது ஒற்றுமையைக் கெடுக்கும் என்று நம்மவர்களிலேயே சிலர் முகம் சுளிக்கிறார்கள். ஆதிக்க சாதிகள் நம்மைப் பார்த்துச் சொன்ன அதே வாதத்தை, நாம் நமக்குக் கீழே இருப்பவனிடம் சொல்கிறோம். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை.

பிள்ளைக்கு எண் கொடுத்தாகிவிட்டது. ஆறாம் வகுப்பில் சேர்ந்தவள் பத்தாவது எழுதினாளா, எந்த வகுப்பில் நின்றாள் என்று அந்த எண்ணே சொல்லும். பேர் வேண்டாம். பள்ளிவாரியாக, தெருவாரியாக, சாதிவாரியாக எண்ணிக்கை போதும். சிறிய பள்ளியில் எண்ணிக்கையே பிள்ளையைக் காட்டிக்கொடுக்குமென்றால் நாலைந்து பள்ளிகளைச் சேர்த்துக் கொடுக்கலாம். அந்தத் தாள் செயலகத்தில் இருந்து பயனில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவிலும் கிராமசபையிலும் வாசிக்கப்பட வேண்டும். எங்கே பிள்ளைகள் நிற்கிறார்களோ அங்கே ஆசிரியரும் பேருந்தும் விடுதியும் முதலில் போக வேண்டும். 1927-இல் அம்பேத்கர் எண்களைப் பிரித்ததும் மானியம் எங்கே போக வேண்டும் என்று கேட்கத்தான்.

போன வருசம் எங்கள் பக்கத்து ஊரில் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். நூறு நாள் வேலையிலிருந்து நேராக வந்த ஒரு அக்கா எழுந்து, “எங்க தெருப் புள்ளைங்க ஆறாவதுல எத்தனை பேரு சேந்துது, பத்தாவது எத்தனை பேரு எழுதுச்சு, அத மட்டும் சொல்லுங்க சார்” என்று கேட்டார். “அப்படிப் பிரிச்சு எடுக்கறதுக்கு இதுல வழியில்லைம்மா” என்றார் தலைமையாசிரியர், கைப்பேசியைக் காட்டி. “வழி இல்லையா, வைக்கலையா?” என்றார் அக்கா. இப்போது அந்தத் தெருவில் நாலு பெண்கள் ஒரு நாற்பது பக்க நோட்டில் வீடு வீடாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஆறாவது ஒரு கோடு, பத்தாவது ஒரு கோடு, நின்னுபோன வருசம், நின்னதுக்குக் காரணம். கடைசிக் கட்டத்துக்குத்தான் இடம் பத்தவில்லை என்கிறார்கள்.