செம்மண்ணில் ஒரு சாது

பாம்பு வளர்க்க ஆசைப்படும் புதியவருக்கு மேலைநாடுகளில் பரிந்துரைக்கப்படும் இனங்களில் கென்ய மண்ணுளியும் ஒன்று. ஒரு கண்ணாடித் தொட்டி, புதைந்துகொள்ள மணல், ஒரு முனையில் மட்டும் இளஞ்சூடு, அவ்வப்போது ஒரு செத்த சுண்டெலி. இவ்வளவு இருந்தால் போதும் அதற்கு. அதன் பங்காளியான நம் இருதலை மணியனுக்கு இந்தத் தொட்டியும் வேண்டாம். அதியமான்கோட்டையைச் சுற்றியுள்ள செம்மண் மேட்டுக்காடு போன்ற வறண்ட நிலமும் எலி வளையுமே அதற்கு வீடு.

அதன் உடலமைப்பை நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏர்க்கொழு மாதிரி மண்ணைக் கீறிப் போகும் மூக்கு, மண் ஒட்டாத வழவழப்பான செதில்கள், தலையா வாலா என்று மயங்கவைக்கும் மொண்ணை வால். மிரண்டால் தலையைச் சுருளுக்குள் ஒளித்துக்கொண்டு வாலைத் தூக்கிக் காட்டும். எதிரி வாலைக் கடிக்கும், தலை தப்பும். பல பாம்புகளின் வாலில் பழைய தழும்புகள் இருப்பது அதனால்தான். நஞ்சு கிடையாது, இரையைச் சுற்றி இறுக்கிக் கொல்லும்.

கைதேர்ந்த பாம்பு மீட்பர் இதைத் தூக்குவதே ஓர் அழகு. கழுத்தை நெரிக்க மாட்டார். இரு உள்ளங்கைகளையும் அடியில் கொடுத்து, உடல் முழுவதையும் தாங்கி, அது ஊரும் போக்கிலேயே கை மாற்றிக்கொண்டு போவார். இறுக்கிப் பிடித்தால்தான் அது மிரளும்.

இந்தச் சாதுத்தனமே அதற்கு வினையாகிவிட்டது. நக்கினால் குஷ்டம் வரும் என்று அடித்தவர்கள் உண்டு. எடை கூடினால் கோடிக்கணக்கில் விலை போகும் என்ற புரளியை நம்பிப் பிடித்துச் சாக்கில் அடைக்கிறார்கள். அதன் உடம்பில் அப்படி எந்த மருந்தும் மாயமும் இல்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் விற்பதும் குற்றம். அந்தத் தடை எனக்கு முழுச் சம்மதம். மண்ணுக்குள் அது நீந்துவதைக் காண்பதுதான் அதை ரசிக்கும் முறை. தொட்டியில் அதில் பாதிகூடத் தெரியாது.

இதன் இன்னொரு சொந்தமான சொரசொரப்பு மண்ணுளி அவ்வளவு சாது அல்ல, சட்டென்று கடிக்கும். அதன் உடலில் உள்ளவை போன்ற திட்டுகளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடி விரியனை மண்ணுளி என்று நினைத்துத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. அடையாளம் நிச்சயமாகத் தெரியாத பாம்பென்றால் தள்ளி நின்று, வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ தகவல் சொல்லிவிடுங்கள்.

இருதலை மணியன் முட்டையிடாது, குட்டிதான் போடும். குட்டிகளின் செம்மஞ்சள் உடலில் கருவளையங்கள் பளிச்சென்று இருக்கும். வளர வளர அவை மங்கிப் பழுப்பில் கரைந்துவிடும். சில பாம்புகளுக்கு வாலில் மட்டும் தங்கிவிடுவதுண்டு.