மெழுகு பூசிய வண்டி

ஆடிக் காற்று கம்பம் பள்ளத்தாக்கின் செம்மண்ணை வாரிவந்து, குமுளிச் சாரலில் நனைந்து இறங்கிய ஏலத்தோட்ட ஜீப்பின் மேல் அப்பிவிட, அதை நீர் விட்டுக் கழுவி மெழுகு தேய்க்கும் பட்டறைக்காரரின் கைவண்ணத்தை நின்று பார்ப்பது எனக்குப் பரம சந்தோஷம். பிரேசில் தேசத்துப் பனையொன்றின் ஓலை மேல் படியும் கார்னௌபா மெழுகைப் பஞ்சில் தொட்டு, வட்டம் வட்டமாகத் தேய்த்து, வெண்மையாய் உலர்ந்தபின் மெல்லிய துணியால் அவர் எடுக்கும்போது, மங்கிக் கிடந்த பானெட்டில் மேற்கு மலைத்தொடரின் பிரதிபிம்பம் தெளிந்து எழுகிறது. தெளித்த நீர் முத்து முத்தாய்த் திரண்டு ஓடுகிறது.

இது வெறும் அலங்காரந்தானா என்று கேட்பாருண்டு. புளியமரத்தடியில் நிறுத்திய வண்டியின் மேல் விழும் பறவை எச்சம் வர்ணத்தை அரிப்பதற்குமுன் கழுவிவிட அது அவகாசம் தருகிறது என்பது சத்தியம். சரளைக்கல் தெறிப்பையும் முட்கிளையின் கீறலையும் தடுக்கும் சக்தியோ அந்த நுண்படலத்துக்குக் கிடையாது. வெயிலில் மெழுகு சில வாரங்களிலேயே தேய்ந்துவிட, ரசாயனக் கூட்டாலான சீலன்ட் சில மாதங்கள் தாக்குப்பிடிக்கும். ஆயினும் என் மனம் மெழுகின் பக்கமே சாய்கிறது. அடிக்கடி பூச வேண்டியிருப்பதாலேயே, வண்டியை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்து, மட்கார்டின் உள்விளிம்பில் துரு அரும்புவதைக் காலத்தே கண்டுகொள்ளும் பாக்கியம் கிட்டுகிறது.