விதையும் விளைச்சலும் ஒரே குதிரில்

"சி நிறைந்துவிட்டது, டி காலியாகக் கிடக்கிறது." வீட்டில் கணிப்பொறி வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. சி, டி, ஈ என்பவை பெட்டிக்குள் இருக்கும் மூன்று தனித்தனி வட்டுகள் என்றே பலர் எண்ணுகின்றனர். திறந்து பார்த்தால் பெரும்பாலும் உள்ளே இருப்பது ஒரே ஒரு வட்டுத்தான். அந்த ஒரே வட்டில் எழுத்து எதுவும் பெறாமல், கண்ணுக்கும் படாமல் வேறு சில பகுதிகளும் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றுக்கு 'மீட்புப் பகுதி' என்று பெயர்.

ஒரு நூலை மதிப்பிடுவதுபோல் இந்த ஏற்பாட்டையும் நாம் மதிப்பிடலாம். இது யாருக்காகச் செய்யப்பட்டது? பெயரில் சொல்வதைச் செயலில் செய்கிறதா? பயன்படுத்துபவருக்கு விளங்கும்படி இருக்கிறதா? இம்மூன்று கேள்விகளையும் எழுப்பிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்த மதிப்பீடு தமிழ்வழி மாணவருக்கு மிகவும் வேண்டியது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. எல்காட் நிறுவனத்தின் வாயிலாக வாங்கி மாணவர்களுக்கு வழங்கப்பட்ட அப்பொறிகளில் விண்டோசும், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' என்னும் லினக்ஸ் வகையும் சேர்ந்தே இருந்தன. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மத்தூர், ஊத்தங்கரை, பர்கூர் போன்ற ஊர்களில் எத்தனையோ வீடுகளுக்குள் நுழைந்த முதல் கணிப்பொறி இதுவே எனலாம். ஆனால் அதன் வட்டு எவ்வாறு பிரிக்கப்பட்டிருக்கிறது என்பதை அறிந்தவர் மிகச் சிலரே. பொறி தடுமாறினால் கிருஷ்ணகிரிக்கோ ஓசூருக்கோ கடைக்குக் கொண்டுபோவார்கள். "பார்மட் அடித்துத்தான் ஆகவேண்டும்" என்று கடைக்காரர் சொல்வார். அந்த ஒரு சொல்லால் எது அழியும், எது நிற்கும் என்று கேட்கத் தெரியாதவர், இரண்டாண்டுக் குறிப்புகளையும் செய்முறைப் பதிவுகளையும் ஒரு மணி நேரத்தில் இழந்துவிடுகிறார்.

வயலும் வரப்பும்

முதலில் அமைப்பைப் புரிந்துகொள்வோம். வட்டை ஒரு நிலமாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒரே நிலத்தை வரப்புப் போட்டுப் பல துண்டுகளாக்கினால் கிராமக் கணக்கில் ஒவ்வொன்றுக்கும் உட்பிரிவு எண் ஏறும். வட்டிலும் அவ்வாறே. எந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம், என்ன வகை என்பவை வட்டின் தொடக்கத்தில் ஓர் அட்டவணையாக எழுதப்பட்டுள்ளன. பழைய முறையில் வட்டின் முதல் 512 பைட்டுகளுக்குள்ளேயே இந்தக் கணக்கு அடங்கியது. அதில் அட்டவணைக்கு ஒதுக்கிய இடம் வெறும் 64 பைட்டுகள். ஒரு பகுதிக்கு 16 பைட்டு வீதம் 4 முதன்மைப் பகுதிகளுக்கே இடம் உண்டு. 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட வட்டை அந்த அட்டவணையால் முழுமையாகக் குறிக்க இயலாது. அதனால்தான் 'ஜி.பி.டி.' என்னும் புதிய முறை வந்தது. அதில் வழக்கமாக 128 பகுதிகள் வரை பதியலாம்.

இனி எழுத்துக்கு வருவோம். உட்பிரிவு எண் கிராமக் கணக்கில் இருக்கிறது; 'மாந்தோப்புக் கொல்லை' என்பதோ ஊரார் வாயில் வழங்கும் பெயர். சி, டி என்பவை இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. அவ்வெழுத்து வட்டின் அட்டவணையில் இல்லை. விண்டோஸ் தன் சொந்தப் பதிவேட்டில் அதைக் குறித்து வைத்துக்கொள்கிறது. ஆகவே ஒரு பொறியில் ஈ என்று தெரிந்த வெளிவட்டு மற்றொரு பொறியில் எஃப் என்று தெரியலாம். வட்டு மாறவில்லை, அழைக்கும் பெயர்தான் மாறியது.

எழுத்து வந்த வழி

இப்பெயர்முறை தோன்றிய காலத்தில் அதற்குத் தக்க காரணம் இருந்தது. 1974-இல் கேரி கில்டால் உருவாக்கிய சி.பி./எம். என்னும் இயக்க அமைப்பில், வளையும் வட்டுகளைச் செருகும் கருவிகள் ஏ, பி என்று அழைக்கப்பட்டன. ஓர் எழுத்துக்கு ஒரு கருவி; கையால் தொட்டுக் காட்டலாம். 1981-இல் வெளிவந்த ஐ.பி.எம். தனிக் கணிப்பொறியும் அதே வழக்கத்தைப் பின்பற்றியது. 1983-இல் அந்நிறுவனத்தின் எக்ஸ்.டி. வகை 10 மெகாபைட் நிலைவட்டுடன் வந்தபோது, ஏ, பி இரண்டும் போக அடுத்த எழுத்தான சி அதற்குக் கிடைத்தது. வளையும் வட்டுகள் மறைந்து ஆண்டுகள் பலவாகியும், நம் கணிப்பொறி இன்றும் மூன்றாம் எழுத்திலிருந்தே எண்ணத் தொடங்குகிறது.

அன்று பொருளுடன் விளங்கிய எழுத்து இன்று பொருளிழந்து நிற்கிறது என்பது நம் முதல் குறை. ஒரே வட்டின் இரு துண்டுகளுக்கு இரண்டு எழுத்து. இரண்டு வெவ்வேறு வட்டுகளுக்கும் இரண்டு எழுத்து. பார்ப்பவருக்கு வேறுபாடு தெரிவதில்லை. 1969-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் தொடங்கிய யூனிக்ஸ் அமைப்பு வேறு வழியைத் தேர்ந்தது. அங்கே எல்லாப் பகுதிகளும் ஒரே மரத்தின் கிளைகள். அதன் வழியில் வந்த லினக்சில், முதல் வட்டு 'எஸ்.டி.ஏ.' என்றால் அதன் முதல் பகுதி 'எஸ்.டி.ஏ.1', இரண்டாம் பகுதி 'எஸ்.டி.ஏ.2' என்று குறிக்கப்படும். எது வட்டு, எது துண்டு என்பது பெயரிலேயே தெரிகிறது. இதுவும் எளிதென்று சொல்வதற்கில்லை. ஆயினும் உண்மையை மறைக்கவில்லை.

இரண்டாம் குறை இதனினும் கடியது. பொறி எழாதபோது மீட்புச் சூழலுக்குள் நுழைகிறோம் அல்லவா? அங்கே ஓடுவது வேறொரு சிறு விண்டோஸ். அது தனக்கு எக்ஸ் என்னும் எழுத்தை வைத்துக்கொண்டு, மற்றப் பகுதிகளுக்குப் புதிதாக எழுத்துகளை வழங்குகிறது. நாள்தோறும் சி என்று கண்ட பகுதி அங்கே டி என்று தோன்றக்கூடும். 'டி-யில் ஒன்றுமில்லை' என்ற நினைப்பில் அதை அழிக்க ஆணையிட்டால் அழிவது முழு விண்டோசும் அதிலுள்ள கோப்புகளுமாக இருக்கலாம். மனம் மிகவும் பதறியிருக்கும் வேளையில் பெயர்ப்பலகைகளை மாற்றி வைக்கும் ஏற்பாட்டை நல்ல ஏற்பாடு என்று எவ்வாறு சொல்வது?

எதை மீட்கிறது?

மீட்புப் பகுதியின் சிறப்பையும் கூறவேண்டும். முன்பெல்லாம் பொறியுடன் மீட்புக் குறுந்தகடுகள் தருவார்கள். அவை கீறல் விழுந்து கெடும், காணாமற் போகும். அவற்றுக்குப் பதிலாக வட்டிலேயே ஒரு பகுதியை ஒதுக்கி, அதில் தொழிற்சாலையில் ஏற்றிய மென்பொருளின் படியை வைத்தது சிக்கனமான வழி. எழுத்துக் கொடுக்காமல் மறைத்ததும் பிழையன்று. எழுத்து இருந்திருந்தால் 'இடம் அடைக்கிறது' என்று யாரேனும் உள்ளே புகுந்து அழித்திருப்பார்கள்.

ஆனால் 'மீட்பு' என்ற சொல் ஏமாற்றுகிறது. தமிழில் மீட்பது என்றால் இழந்த பொருளைத் திரும்பப் பெறுவது. அடகு வைத்த நகையை மீட்பது போல. இப்பகுதி திரும்பத் தருவது விற்பனையாளர் அனுப்பியபோது இருந்த பொறியை. மாணவர் எழுதிய கட்டுரை, குடும்பப் படங்கள், கடைக் கணக்கு எதுவும் அதற்குள் இல்லை. தொழிற்சாலை நிலைக்குத் திருப்பும்போது அவை அழிவதே பெரும்பாலும் நேர்கிறது. விண்டோஸ் 8 முதல் 'என் கோப்புகளை வைத்திரு' என்னும் வழி சேர்க்கப்பட்டது. அது வரவேற்கத்தக்க திருத்தம். அதிலும் நாம் ஏற்றிய செயலிகள் போய்விடும்.

மேலும் ஒரு பெருங்குறை உண்டு. விதைத் தானியத்தையும் உண்ணும் தானியத்தையும் ஒரே குதிரில் கொட்டி வைக்கும் உழவர் உண்டா? ஒரு குதிரில் பூச்சி விழுந்தால் மற்றொன்றாவது மிஞ்சவேண்டும் என்பது கிராமத்து அறிவு. மீட்புப் பகுதியோ தான் காக்க வேண்டிய அதே வட்டில் குடியிருக்கிறது. மென்பொருள் கெட்டால் அது உதவும். வட்டே கெட்டால் இரண்டும் சேர்ந்தே போகும். 'படங்களை டி-யில் வைத்திருக்கிறேன், கவலையில்லை' என்பாருக்கும் இதுவே விடை. விண்டோசை மட்டும் சி-யில் மறுபடி நிறுவும்போது டி பிழைக்கும் என்பது உண்மை. கடைக்காரர் எல்லா வரப்பையும் அழித்து நிலத்தைப் புதிதாகப் பிரித்தாலோ, வட்டு பழுதானாலோ டி-யும் பிழைக்காது. அப்படிப் பிரிக்கும்போது மீட்புப் பகுதியும், பாஸ் லினக்ஸ் இருந்த பகுதியும் கூடவே மறைந்துவிடும்.

ஆக்கியோரும் இடறிய இடம்

மறைத்து வைத்த பகுதியால் விளையும் தொல்லை எளிய பயனருக்கு மட்டும் உரியதன்று. 2024 ஜனவரி 9 அன்று மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் 10-க்கு கே.பி.5034441 என்ற பாதுகாப்புத் திருத்தத்தை வெளியிட்டது. பொறியைக் கையில் பெற்ற ஒருவர், மீட்புச் சூழலில் இருந்த ஓட்டையின் வழியே வட்டின் மறையாக்கப் பூட்டைத் தாண்டிவிடலாம் என்பதால் வந்த திருத்தம் அது. அதை ஏற்க மீட்புப் பகுதியில் 250 மெகாபைட் வெற்றிடம் வேண்டியிருந்தது. பல பொறிகளில் அந்த இடம் இல்லை. திருத்தம் ஏறாமல் பிழைச் செய்தியே வந்தது. அதற்கு நிறுவனம் சொன்ன வழி என்ன? பயனரே கட்டளை வரிகளைத் தட்டி, முதன்மைப் பகுதியைச் சுருக்கி, மீட்புப் பகுதியை அழித்து, பெரிதாக்கி மறுபடி உருவாக்க வேண்டுமாம்! கண்ணில் காட்டாமல் காத்த ஒன்றை, ஒரு நாள் திடீரென்று கையில் கொடுத்து 'நீயே அறுத்துத் தைத்துக்கொள்' என்றால் வீட்டுப் பயனர் என்ன செய்வார்? விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது.

சொற்களின் குழப்பம்

தமிழில் எழுதுவோர் பக்கமும் குறை உண்டு. வட்டின் பகுதியை 'இயக்ககம்' என்கிறோம். கருவியை ஓட்டும் மென்பொருளை 'இயக்கி' என்கிறோம். எல்லாவற்றையும் ஆளும் மென்பொருளை 'இயக்க அமைப்பு' என்கிறோம். மூன்றும் ஒரே வேர்ச்சொல்லில் பிறந்து, ஒன்றையொன்று மறைக்கின்றன. சில நூல்கள் 'இயக்கி' என்பதையே இரு பொருளிலும் ஆள்கின்றன. சுழலாத, இயங்கும் பாகமே இல்லாத இன்றைய திடநிலை வட்டுக்கு 'இயக்ககம்' என்பது பொருந்தவும் இல்லை. 'வட்டு', 'வட்டுப்பகுதி', 'பகுதியின் எழுத்து' என மூன்றாகப் பிரித்து எழுதினால் மாணவர் மயங்கமாட்டார். மீட்புப் பகுதியைத் 'தொடக்கநிலைப் பகுதி' என்று அழைத்தால், அது எதைத் தரும், எதைத் தராது என்பது பெயரிலேயே விளங்கும்.

என்ன செய்யலாம்?

விண்டோசில் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' என்னும் பகுதியைத் திறந்தால் வட்டின் புலப்படம் முழுவதும் தெரியும். பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம், எதையும் அழிக்க வேண்டா. 500 ஜிகாபைட் என்று வாங்கிய வட்டு அங்கே ஏறத்தாழ 465 என்று காட்டும். அது திருட்டன்று. விற்பவர் ஒரு ஜிகாபைட்டை நூறு கோடி பைட்டாகக் கொள்கிறார். விண்டோஸ் 107 கோடிக்கும் சற்று மேலாகக் கொள்கிறது. எழுத்தில்லாத பகுதிகளைக் கண்டு ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். சி, டி என்பவற்றுக்கு 'பாடங்கள்', 'படங்கள்' என்று பெயர் சூட்டலாம். அப்பெயர் வட்டிலேயே பதிவதால், எழுத்து மாறினாலும் பெயர் மாறாது. 16 ஜிகாபைட்டோ அதற்கு மேலோ உள்ள வெற்று விரற்சேமிப்பான் ஒன்றில், பொறி நலமாக இருக்கும்போதே மீட்புப் படி ஒன்றை எடுத்துவிடுங்கள். சொந்தக் கோப்புகளுக்கு வேறொரு வெளிவட்டில் தனிப்படி வேண்டும். கடைக்குப் போகும்போது, "எந்தப் பகுதியை அழிக்கப் போகிறீர்கள்?" என்று வரைபடத்தைக் காட்டிக் கேளுங்கள்.

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விகளுக்கு இப்போது விடை கூறலாம். இந்த ஏற்பாடு பொறியை விற்றவருக்கு நன்றாக உதவுகிறது. பொறியில் உழைத்தவருக்குப் பாதியே உதவுகிறது. சொன்னதை முழுவதும் செய்யவில்லை. செய்வதை விளக்கிச் சொல்லவும் இல்லை. வழங்கப்படும் ஒவ்வொரு மடிக்கணினியுடனும் அதன் வட்டின் படமும், அழியும் பகுதி, அழியாத பகுதி பற்றிய குறிப்பும் ஒரே ஒரு பக்கத்தில் தமிழில் இருந்தால் இக்குறையில் பெரும்பகுதி தீரும். அதற்கு ஆகும் செலவு ஒரு தாளின் விலைதான்.