தொழிற்களமும் கலைஞனும்: கல்முனைக் கரையோரத்தை முன்னிறுத்திச் சில கருத்துகள்

தொழிற்சாலை, அலுவலகம், மருத்துவமனை, துறைமுகம் முதலிய அன்றாடத் தொழிற்களங்களிலே கலைஞர் ஒருவரைச் சில காலம் இருத்தி, அங்கு அவர் கண்டதையும் கேட்டதையும் கொண்டு படைப்பில் ஈடுபடச் செய்யும் முயற்சி மேலைநாடுகளில் அரை நூற்றாண்டுக்கு மேலாக நடந்துவருகிறது. இதனை நாம் வதிவுக் கலைஞர் திட்டம் எனலாம். கலையைக் காட்சிக்கூடத்தின் சுவர்களுக்குள்ளிருந்து விடுவித்து உழைப்பின் அருகே கொண்டுசெல்வதாக இத்திட்டம் உரிமை கொண்டாடுவதால், முற்போக்கு நோக்குடையோர் அதனை வரவேற்பது இயல்பே. ஆயினும், ஒரு முயற்சியை அதன் நல்லெண்ணத்தை மட்டும் கொண்டு மதிப்பிடுதல் திறனாய்வு ஆகாது. கலைஞனை அழைப்பவர் யார்? அவனுக்கு மறுமொழி கூறும் வாய்ப்புத் தொழிலாளிக்கு உண்டா? அவன் சென்றபின் அங்கே எஞ்சுவது யாது? இம்மூன்று வினாக்களையும் எழுப்பி, கல்முனைக் கரையோரத்தின் இலக்கிய அனுபவத்தோடு பொருத்தி இத்திட்டத்தை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இம்முயற்சிகளுள் முன்னோடியானது, இங்கிலாந்தில் 1966ஆம் ஆண்டளவில் பார்பரா ஸ்ரிவெனி, ஜோன் லேதம் ஆகியோர் முன்னின்று அமைத்த கலைஞர் நியமனக் குழுவாகும். கலைஞர் எதனையும் படைத்தே தீரவேண்டும் என்ற நிபந்தனை இல்லாமலே அவரை ஒரு நிறுவனத்தினுள் அனுப்புதல், அதற்கான ஊதியத்தை அந்நிறுவனமே வழங்கச் செய்தல் என்பன அக்குழுவின் கொள்கைகள். 1970இல் ஹில் என்னும் தளபாடத் தொழிற்சாலைக்குச் சென்ற ஸ்ருவேட் பிரிஸ்லி, அங்கு உற்பத்தியான நாற்காலிகள் இருநூறுக்கு மேற்பட்டவற்றை அடுக்கி வட்டவடிவச் சிற்பமொன்றை அமைத்தார். அத்துடன், மெருகேற்றும் இயந்திரங்களுக்கு அவற்றில் வேலை செய்தோர் விரும்பிய காற்பந்து அணிகளின் நிறங்களைப் பூசச் செய்தார். தொழிலாளர் தம்முள் கருத்துப் பரிமாற அறிவிப்புப் பலகைகளையும் ஏற்படுத்தினார்.

கலை வரலாற்று நூல்கள் நாற்காலிச் சிற்பத்தையே படமாக அச்சிடுகின்றன. நமது நோக்கில் அறிவிப்புப் பலகையே முக்கியமானது. தொழிலாளி பார்வையாளன் என்ற நிலையினின்று நீங்கிப் பேசுவோனாகும் சாத்தியம் அதிலேதான் இருந்தது. ஆயினும் அச்சாத்தியத்துக்கு ஓர் எல்லையும் இருந்தது. இயந்திரத்தின் நிறத்தைத் தொழிலாளி தெரிந்தெடுத்தான். அதன் வேகத்தைத் தெரிந்தெடுக்கும் அதிகாரம் முன்போலவே முகாமையிடம் இருந்தது. பிரிஸ்லி பின்னர் குழுவின் போக்கோடு முரண்பட்டு விலகியமை வியப்புக்குரியதன்று. அழைத்தவர் முதலாளியாக இருக்கும்போது கலைஞனின் சுதந்திரம் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கலாம். தொழிலாளியின் சுதந்திரம் அவ்வொப்பந்தத்தில் ஒரு சொல்லாகவும் இடம்பெறவில்லை.

நியூயோர்க் நகரத்துக் கழிவகற்றும் திணைக்களத்தில் 1977 முதல் ஊதியமற்ற வதிவுக் கலைஞராகப் பணியாற்றிய மியர்ல் லேடர்மன் யூக்கலிஸின் முயற்சி இதனின்றும் வேறுபட்டது. 1979–80 காலப்பகுதியில் அவர் ஏறத்தாழ 8,500 துப்புரவுத் தொழிலாளரையும் நேரிற் சந்தித்துக் கைகுலுக்கி நன்றி தெரிவித்தார். வீட்டைப் பேணும் பெண்ணின் உழைப்பையும் நகரைப் பேணும் தொழிலாளியின் உழைப்பையும் ஒரே கண்கொண்டு நோக்கி 1969இல் அவர் எழுதிய அறிக்கையே இச்செயலுக்கு அடிப்படை. இழிவாகக் கருதப்பட்ட தொழிலுக்கு மதிப்பளித்தது இதன் பெறுமதி. நன்றி கூலியை உயர்த்துவதில்லை என்பது இதன் எல்லை. பெறுமதியைச் சொல்லும்போது எல்லையை மறைத்தலும், எல்லையைச் சொல்லும்போது பெறுமதியை மறுத்தலும் ஒருபோலத் தவறாகும்.

நமது அணியின் அனுபவத்தையும் இவ்வளவுகோலுக்கு உட்படுத்துதல் வேண்டும். கிழக்கு ஜேர்மனியில் 1959ஆம் ஆண்டு பிற்றர்பெல்ட் நகரில் நடைபெற்ற மாநாடு, எழுத்தாளரைத் தொழிற்சாலைக்குச் செல்லவும் தொழிலாளரைப் பேனா பிடிக்கவும் அழைத்தது. இரண்டாவது அழைப்பு மேலைநாட்டுத் திட்டங்கள் எவற்றிலும் காணப்படாத சிறப்புடையது. ஹாலே நகரில் இரயிற்பெட்டித் தொழிற்சாலையொன்றில் தங்கிப் பெற்ற அனுபவத்தைக் கொண்டு கிறிஸ்ரா வொல்ப் 1963இல் வெளியிட்ட நாவல் அவ்வியக்கத்தின் நற்பேறுகளுள் ஒன்று. எனினும் 1965இன் இறுதியில் கட்சியின் மத்திய குழு எழுத்தாளர்மீதும் திரைப்படக் கலைஞர்மீதும் கண்டனம் பொழிந்தபோது உண்மை வெளிப்பட்டது. அழைத்தவர் அரசாயிருந்தமையால், சொல்லத்தக்கதன் எல்லையையும் அரசே வகுத்தது.

இனி, நமது கரையோரத்துக்கு வருவோம். மருதமுனையிலிருந்து கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் ஊடாக அக்கரைப்பற்று வரை நீளும் ஊர்களுக்குக் கிழக்கே கடல், மேற்கே நெல்வயல். மருதமுனையிலே கைத்தறி. இத்தொழிற்களங்களுக்கு எக்கலைஞரையும் எந்நிறுவனமும் அனுப்பவில்லை. கலை அங்கே தொழிலின் உள்ளுறுப்பாகவே இருந்தது. கரைவலை இழுத்தோர் அம்பா பாடினர். சூடு மிதித்தோர் பொலி பாடினர். பரணிற் காவலிருந்தோர் கவி பாடினர்.

இதனைக் கண்டு புளகாங்கிதம் அடைவது எளிது. ஆனால் அம்பாவின் தாளம் பல கைகளின் இழுவையை ஒருங்கிணைத்து வலை உரிமையாளனுக்கும் பயன்பட்டது; பொலிப்பாட்டினாற் பெருகிய நெல்லின் பெரும்பங்கு போடியாரின் பட்டறைக்கே சென்றது. உழைப்பின் பாடல் சுரண்டலுக்கு வெளியே நின்ற பாடலன்று. எனினும் பாடியவனே உழைத்தான், உழைத்தவனே பாடினான் என்பதில் ஐயமில்லை. எருமைகள் மிதித்த களத்தில் உழவு இயந்திரமும், பின்னர் அறுவடை இயந்திரமும் புகுந்தபோது பொலிப்பாட்டு தன் இடத்தை இழந்தது. பாடல் தொழிற்களத்தினின்று வெளியேறிய பின்னரே, அதனை மீண்டும் உள்ளே கொண்டுவரக் கலைஞன் ஒருவன் தேவைப்படுகிறான். ஆகவே, வதிவுக் கலைஞர் திட்டம் கலைக்கும் உழைப்புக்குமிடையே நேர்ந்த பிரிவின் அறிகுறியாகும். அறிகுறியை மருந்தென மயங்குதல் கூடாது.

அப்பிரிவை வேறொரு வகையிற் கடக்க முயன்றோர் இக்கரையோரத்திலே இருந்தனர். பெரியநீலாவணையைச் சேர்ந்த நீலாவணன் (1931–1975), மருதமுனையைச் சேர்ந்த மருதூர்க்கொத்தன், கல்முனைக்குடியைச் சேர்ந்த எம். ஏ. நுஃமான் ஆகிய மூவரும் ஆசிரியத் தொழில் புரிந்தோர். கல்முனை எழுத்தாளர் சங்கத்தைச் சூழ்ந்தும், 1969–70இல் நுஃமானும் மருதூர்க்கொத்தனும் வெளியிட்ட ‘கவிஞன்’ இதழைச் சூழ்ந்தும் தமிழரும் முஸ்லிம்களும் கூடி இலக்கியம் பேசினர். நீலாவணன் மறைந்த பின்னர் 1982இல் நூலுருப்பெற்ற ‘வேளாண்மை’, வயலின் தொழிலையும் அத்தொழில்செய்வோர் மொழியையும் செய்யுளிற் பதித்தது. மருதூர்க்கொத்தன் தம் ஊர் எளிய மக்களின் வாழ்வைச் சிறுகதையாக்கினார்.

இவர்களது வதிவுக்குக் கால எல்லை இருக்கவில்லை. எழுதியது பிழையென்றால் மறுநாள் தேநீர்க்கடையிலோ பள்ளிவாசல் முற்றத்திலோ வயல்வரம்பிலோ ஒருவர் வழிமறித்துக் கேட்கலாம். கதையில் வருபவரின் பிள்ளை எழுத்தாளரின் வகுப்பிலேயே அமர்ந்திருக்கலாம். மறுமொழி கூறும் வாய்ப்பு என நாம் குறிப்பிட்டது இதுவே. எந்த ஒப்பந்தமும் இதனை வழங்குவதில்லை; ஊரில் வாழ்தலே வழங்குகிறது. 1980களின் நடுப்பகுதியிலிருந்து மூண்ட தமிழ் முஸ்லிம் கலவரங்கள் அக்கூட்டுச் சூழலைச் சிதைத்தமை, இவ்வாய்ப்பு எத்துணை எளிதில் இழக்கப்படக்கூடியது என்பதைக் காட்டும்.

இவர்களையும் நாம் இலட்சிய மாந்தராக்க வேண்டியதில்லை. மாதச் சம்பளம் பெறும் ஆசிரியரின் நிலையும், நெய்தால் மட்டும் கூலி பெறும் தறிகாரரின் நிலையும் ஒன்றல்ல. 1977இல் திறந்த பொருளாதாரக் கொள்கை வந்து, இறக்குமதித் துணி சந்தையை நிரப்பியபோது நாடெங்கும் கைத்தறித் தொழில் நலிந்தது. அந்நலிவு ஆசிரியரின் சம்பளத்தைத் தாக்கவில்லை. தறிகாரருக்காக நூல் சுற்றிக்கொடுத்த பெண்களின் உழைப்பு, வீட்டு வேலையோடு வேலையாகக் கருதப்பட்டு, கணக்கிலும் வரவில்லை, கதையிலும் போதிய அளவு வரவில்லை. யூக்கலிஸ் எழுப்பிய வினா இங்கேயும் நம்மை எதிர்கொள்கிறது.

பல்கலைக்கழகத்தினராகிய நாமும் இவ்விசாரணைக்கு வெளியே நிற்க முடியாது. நாட்டார் பாடல் சேகரிப்பு என்ற பெயரால் நாமும் தொழிற்களங்களுக்குச் சென்றிருக்கிறோம். பாடல் நம் ஏட்டிலே ஏறியது. பாடியவரின் பெயர் பல வேளைகளிற் களத்திலேயே நின்றுவிட்டது. 2004 டிசெம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை இலங்கையிலே மிக அதிகமான உயிர்களைப் பலிகொண்டது அம்பாறை மாவட்டத்தில்தான். பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் ஒலிப்பதிவுக் கருவியும் புகைப்படக் கருவியும் ஏந்தியோர் பலர் வந்தனர். பிள்ளைகள் படம் வரையும்படியும், பெரியோர் தம் இழப்பை மீண்டும் மீண்டும் சொல்லும்படியும் கேட்கப்பட்டனர். அவ்வாறு திரட்டப்பட்டவற்றுள் எத்தனை இன்று இவ்வூர்களின் நூலகங்களில் உள்ளன? சொன்னவரின் கைக்கு எத்தனை திரும்பிவந்தன? துயரத்தைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நின்றவரிடம் இன்னொரு கலைஞனை அழைத்துச் செல்லுமுன் இவ்வினாக்களுக்கு விடை காணல் நமது கடமையாகும்.

1996இல் பல்கலைக்கழகத் தகுதி பெற்ற தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலில், மருதமுனைத் தறிகளிலிருந்து அதிகத் தொலைவில்லாத இடத்தில் அமைந்துள்ளது. தறிக்கூடத்துக்கோ மீன் வாடிக்கோ கலைஞர் ஒருவரை அனுப்பும் எண்ணம் இங்கு எழுமாயின், அதனை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் அழைப்பு தறிகாரரிடமிருந்தும் கடற்றொழிலாளரிடமிருந்தும் வரவேண்டும். கலைஞரோடு பேசச் செலவிடும் நேரத்துக்கு, தறி நின்ற நேரத்துக்குரிய கூலி வழங்கப்பட வேண்டும். நூல் சுற்றும் பெண்ணும் அழைப்போருள் ஒருவராயிருத்தல் வேண்டும். படைப்பு முதலில் அவ்வூரிலே படிக்கப்பட்டு, காட்டப்பட்டு, வேண்டுமாயின் நிராகரிக்கப்படவும் வேண்டும். அதன் படியொன்று, பங்குகொண்டோர் பெயரோடு, அவ்வூர் நூலகத்திலே தங்க வேண்டும்.

இந்நிபந்தனைகளை ஏற்கும் கலைஞர் சிலரே கிடைக்கலாம். அது குறையன்று. கலைஞன் தொழிற்களத்திலே எத்தனை மாதம் தங்கினான் என்பதைக் காட்டிலும், தொழிலாளி கலையிலே எவ்வளவு இடம்பெற்றான் என்பதே நமது அளவுகோலாதல் வேண்டும்.