நியமராஜாவின் மலையில் டோம்புகள் எங்கே?

பழங்குடி ஞானம், பூமித்தாய், இயற்கையோடு இயைந்த வாழ்வு. சுற்றுச்சூழல் பற்றிய எழுத்துகளில் இந்தச் சொற்கள் வரும்போதெல்லாம் பின்னாலேயே நியம்கிரியும் வந்துவிடுகிறது. ஒடிசாவில் ராயகடா, களஹாண்டி மாவட்டங்களில் கிடக்கிற மலைத்தொடர் அது. உச்சியில் பாக்சைட். அடிவாரத்தில், லாஞ்சிகரில், வேதாந்தாவின் அலுமினா ஆலை. மலைமேல் டோங்ரியா கோண்டுகள், அவர்களுடைய சாமி நியமராஜா. சாமி மலையைக் காத்தார், மலை சனங்களைக் காத்தது, கம்பெனி தோற்றது என்று கதை சொல்லப்படுகிறது. ஜெயித்த கதைதான், எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் இதை ஒரு பிரதியாக எடுத்து வாசிக்கும்போது, யாரை வெளியே நிறுத்திவிட்டு இது எழுதப்படுகிறது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

டோங்ரியா ஊர்கள் பலவற்றில் டோம்பு குடும்பங்கள் இருக்கின்றன. அட்டவணைச் சாதியினர், அதாவது நம்ம சனங்க. நெசவு, மேளம், மலையில் விளையும் மஞ்சளையும் இஞ்சியையும் சந்தைக்குக் கொண்டுபோகும் வியாபாரம், கோண்டுகளின் குவி மொழிக்கும் சமவெளியின் ஒடியாவுக்கும் நடுவில் நின்று பேசுகிற வேலை எல்லாம் தலைமுறை தலைமுறையாக அவர்கள் செய்துவந்தவை. டோங்ரியாப் பெண்கள் ஊசிவேலை செய்யும் கப்டாகண்டா சால்வைக்கு 2024 ஜனவரியில் புவிசார் குறியீடு கிடைத்தது. அதிலுள்ள முக்கோணங்கள் நியமராஜாவின் மலைகள் என்று வியந்து எழுதுகிறார்கள். அந்த ஊசி ஓடுகிற முரட்டு வெள்ளைத் துணி வழக்கமாக டோம்புகளிடமிருந்து வந்தது என்பதை யாரும் பேசக் காணோம். கோண்டுக்கும் டோம்புக்கும் நடுவே தீட்டு உண்டு, கடன் உண்டு, சச்சரவு உண்டு. அதை நான் மறைக்கவில்லை. எழுதுகிறவர்களும் மறைக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

இந்த வெட்டல் புதிதல்ல. ராயகடா பக்கம் 1936 வரை சென்னை மாகாணத்தில்தான் இருந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியோடு சேர்ந்து 1909இல் ஏழு தொகுதிகளாகக் கொண்டுவந்த தென்னிந்தியச் சாதிகள், குடிகள் பற்றிய நூலில் கோண்டுகள் மெரியா நரபலியோடு வருகிறார்கள்; டோம்புகள் திருட்டுப் பட்டத்தோடு வருகிறார்கள். பலிக்கு ஆள் பிடித்துக் கொடுத்தவர்கள் என்று வெள்ளை அதிகாரிகள் எழுதிவைத்ததும் டோம்புகளையும் பாணோக்களையும்தான். அந்தப் பலிக்கம்பம் ஒன்று எழும்பூர் அருங்காட்சியகத்துக்கே வந்து சேர்ந்தது. நூறு வருஷத்தில் கோண்டு காட்டுமிராண்டியிலிருந்து ஞானியாக உயர்த்தப்பட்டுவிட்டார். டோம்புக்கு அந்தப் பதவி உயர்வுகூட இல்லை, படத்திலிருந்தே தூக்கிவிட்டார்கள். 2010இல் டோங்ரியாக்களை ‘அவதார்’ சினிமாவின் நீலநிற மனிதர்களோடு ஒப்பிட்டு, அதன் இயக்குநருக்கு ஹாலிவுட் பத்திரிகையில் விளம்பரமாகவே வேண்டுகோள் வைத்தார்கள். உத்தி என்ற அளவில் அது பலித்திருக்கலாம். ஆனால் நீலநிற மனிதர்களின் ஊரில் சேரி கிடையாது.

இதில் என்ன பெரிய பாதகம் என்று கேட்கிற தோழர்கள் கந்தமாலை நினைத்துக்கொள்ள வேண்டும். அதுவும் கோண்டுகள் வாழும் மாவட்டம்தான். 2007 டிசம்பரிலும், பிறகு 2008 ஆகஸ்டிலிருந்தும் அங்கே கிறிஸ்தவர்களான பாணோ தலித்துகளின் வீடுகள் ஆயிரக்கணக்கில் எரிக்கப்பட்டன. இந்துத்துவ அமைப்புகள் அன்றைக்குப் பயன்படுத்திய மொழியைப் பாருங்கள். பழங்குடி மண்ணின் மைந்தன், அவன் நம்பிக்கை தூயது; பாணோ வந்தேறி, ஏமாற்றுக்காரன். சூழலியலாளர்கள் நல்லெண்ணத்தோடு வரைகிற தூய்மையான பழங்குடிச் சித்திரத்துக்கும் இதுக்கும் நடுவில் இருக்கிற தூரம் எனக்குப் போதவில்லை.

அப்படியென்றால் நியம்கிரியைத் தூக்கியெறிவதா? இல்லை. வேறுமாதிரி வாசிக்கலாம், அதற்கு 2013க்குப் போக வேண்டும். அந்த ஏப்ரல் 18இல் உச்சநீதிமன்றம், சுரங்கம் இந்த மக்களின் வழிபாட்டு உரிமையைப் பாதிக்குமா என்பதைக் கிராமசபைகளே பரிசீலித்துச் சொல்லட்டும் என்றது. மலையில் நூற்றுக்கு மேல் ஊர்கள் இருக்க, மாநில அரசு 12 ஊர்களை மட்டும் பொறுக்கியெடுத்தது. ஜூலை 18 முதல் ஆகஸ்ட் 19 வரை, மழைக்கு நடுவில், மாவட்ட நீதிபதிகள் பார்வையாளர்களாக உட்கார்ந்திருக்க, ஆயுதப் படையினர் சுற்றி நிற்க, ஒவ்வோர் ஊராகச் சபை கூடியது. 12 ஊரும் வேண்டாம் என்றன.

சட்டம் கேட்டது சாமியைப் பற்றி. சனங்கள் சொன்ன பதிலில் சாமியும் இருந்தது, தண்ணீரும் இருந்தது, மலைச்சரிவு வெள்ளாமையும் காட்டு இலையும் பழமும் இருந்தன. உச்சியிலுள்ள பாக்சைட் படிவம் மழையைக் குடித்துவைத்துக்கொண்டு வருஷம் முழுக்கச் சுனைகளாகக் கசியவிடுகிறது. வம்சதாரா ஆறு இந்தத் தொடரில்தான் பிறக்கிறது. உச்சிக்காட்டை வெட்டக்கூடாது என்ற கட்டுப்பாட்டைச் சாமி பெயரால் சொன்னாலும், அதன் பலன் அடிவாரத்து வயலில் தெரியும். கோயில் இருக்கும் இடம் சுரங்க எல்லையிலிருந்து பத்து கிலோமீட்டர் தள்ளித்தானே என்று எதிர்த்தரப்பு வாதம் வைத்தது. வழிபாட்டுக்கென்று கொஞ்சம் நிலத்தை அளந்து தருகிறோம் என்று அதிகாரிகளும் வந்தார்கள். சபைகளில் அதை ஏற்கவில்லை, மலை முழுவதும் நியமராஜாவுடையது என்றார்கள். பிராமண ஆகமத்தில் சாமிக்குக் கர்ப்பக்கிரகம் உண்டு, வாசல் உண்டு, வாசலில் நம்மை நிறுத்த ஆளும் உண்டு. இங்கே சாமி மலை முழுக்கப் பரவிக்கிடக்கிறது. நீர், பிழைப்பு, சாமி மூன்றையும் பிரிக்காத இந்தப் பேச்சைத்தான் நம் ஆட்கள் ‘ஆன்மீகம்’ என்று ஒற்றைச் சொல்லாக மொழிபெயர்த்துச் சப்பென்று ஆக்கிவிடுகிறார்கள்.

இன்னொன்று. கிராமசபை என்றால் ஊரில் வாழ்கிற வயதுவந்த எல்லோரும். கோண்டு மட்டுமல்ல. இஜுருபா என்ற ஊரில் ஒரேயொரு கௌடா குடும்பம்தான், பழங்குடியே அல்ல. அந்தச் சபையும் சுரங்கத்தை மறுத்தது. ஞானம் ரத்தத்தில் ஊறியது என்று எழுதுகிறவர்களுக்கு இஜுருபாவை எங்கே வைப்பது என்று தெரியாது. பக்கத்துப் பக்கத்தில், தீட்டோடும் கடனோடும் வாழ்ந்தவர்கள் ஒரே தரையில் உட்கார்ந்து பேசியது எனக்கு நியமராஜாவைவிடப் பெரிய செய்தியாகப் படுகிறது.

எங்க பக்கத்துக் கோயில்காடுகளைப் பற்றியும் இப்போது அழகழகாக எழுதுகிறார்கள். நூறு வருஷ மரம், அரிய மூலிகை, அரிவாள் படாத காடு. எங்கள் ஊர் ஐயனார் காட்டுக்குள் சேரிக்காரர்கள் விறகு பொறுக்கப் போனால் தீட்டு. குதிரைசிலைக்குப் பறையடிக்க மட்டும் கூப்பிடுவார்கள், அதுவும் எல்லைக்கு வெளியே. காடு பிழைத்தது உண்மை. யாரை வெளியே நிறுத்திப் பிழைத்தது என்பதையும் சேர்த்து எழுதினால்தான் அது ஆய்வு.

சட்டத்திலும் இந்த வெளிநிறுத்தல் இருக்கிறது. 2006 வன உரிமைச் சட்டத்தின்படி பழங்குடியினர் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே காட்டில் இருந்ததைக் காட்டினால் போதும். மற்ற பாரம்பரிய வனவாசிகள் அதற்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அங்கே வாழ்ந்ததற்குச் சான்று தர வேண்டும். அட்டவணைச் சாதி டோம்பு இந்த இரண்டாவது வரிசையில் நிற்கிறார். எழுதப்படாமல் வாழ்ந்த சாதி 75 வருஷத்துக் காகிதத்துக்கு எங்கே போகும்? பழங்குடி ஞானம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் நண்பர்கள் இந்த விதியைத் திருத்தச் சொல்லி ஒரு பத்தி எழுதலாம்.

லாஞ்சிகர் ஆலை மூடப்படவில்லை. வேறு இடங்களிலிருந்து பாக்சைட் கொண்டுவந்து ஓடுகிறது. 2023இல் அதே மாவட்டங்களிலுள்ள சிஜிமாலி மலை ஏலத்தில் வேதாந்தாவுக்குப் போனது. அந்த மலையில் கோண்டுகளும் பரஜாக்களும் தலித்துகளும் சேர்ந்தே வாழ்கிறார்கள். அவர்களுடைய சாமி திஜ் ராஜா. 2023 டிசம்பரில் கிராமசபைகள் நடந்து சம்மதம் தந்ததாக ஆவணங்கள் காட்டப்படுகின்றன. அப்படியொரு சம்மதத்தை நாங்கள் தரவில்லை, ஆவணம் பொய் என்கிறார்கள் ஊர்க்காரர்கள். திஜ் ராஜாவைப் பற்றிக் கவிதை எழுத உட்காருகிறவர்கள், முதலில் அந்தச் சபைக் குறிப்பேடுகளைக் கேட்டு வாங்கிப் படிக்கட்டும். யார் பெயர் இருக்கிறது, யாருடைய கைநாட்டு, டோம்பு பெயர் எந்த வரிசையில்.