புள்வேட்டமும் முதுமையும்: ஓய்மானாட்டுக் கடற்கரையை முன்னிட்டு ஓர் ஆய்வு

புதுச்சேரிக்கு வடக்கே, கடலை ஒட்டிச் செல்லும் பெருவழியில், பெரிய முதலியார்சாவடி என்னும் ஊர் உள்ளது. அங்கிருந்து மேலும் வடக்கே சென்றால் கழுவெளி என்னும் பெருநீர்ப்பரப்பும், அதனைக் கடந்து மரக்காணத்து உப்பளங்களும் காணப்படும். மாரிக்காலத்தின் பின் வடபுலத்துப் பறவைகள் பல்லாயிரமாக வந்திறங்கும் நிலம் இது. பூநாரையும் உள்ளானும் கிளுவையும் ஊசிவால் வாத்தும் ஈண்டுத் தங்கிச் செல்லும். இத்துணைப் பறவை வளம் உடைய கரையைப் பாடிய பழம்பாட்டில் புள்வேட்டம் இடம்பெறாமை ஏன் என்பதே இக்கட்டுரையின் முதல் வினா. துப்பாக்கியும் நாயும் துணையாகப் பறவை வேட்டையாடி முதுமை எய்தியவன் பிற நாட்டு இலக்கியங்களில் ஒரு தனி மாந்தனாக நிற்க, தமிழில் அவனைக் காணாமை ஏன் என்பது இரண்டாம் வினா. இவ்விரண்டிற்கும் விடை ஒன்றே என்பது எம் கருத்து.

முதற்கண் சிறுபாணாற்றுப்படையை நோக்குவோம். இடைக்கழி நாட்டு நல்லூர் நத்தத்தனார் ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாடிய 269 அடிப் பாட்டு அது. பாணன் செல்லும் வழியில் எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் என்னும் ஊர்கள் அமைந்துள்ளன. இவற்றுள் எயிற்பட்டினத்தை மரக்காணப் பகுதியோடும், வேலூரை உப்புவேலூரோடும் இயைத்துக் கூறுவர் ஆராய்ச்சியாளர். எயிற்பட்டினத்தில் நுளையர் தேறலும் சுட்ட மீனும் தருவர். வேலூரில் எயினர் ஆமான் இறைச்சியோடு புளிங்கறிச் சோறு தருவர். ஆமூரில் உழவர் வெண்சோற்றை நண்டுக் கலவையோடு தருவர். நிலத்திற்கேற்ற உணவைப் புலவர் தவறாது தேர்ந்துள்ளார். ஆயின் கடற்கரையில் பறவை உணவாகவில்லை. அங்கே தாழை மலர்ந்த தோற்றத்திற்கு அன்னம் உவமையாகின்றது. பறவை கண்ணுக்கு அழகாகின்றதேயன்றிக் கலத்திற்குக் கறியாகவில்லை.

நெய்தற் பாட்டுக்களைப் பொதுவாக நோக்கினும் இந்நிலையே மிக்குக் காணப்படுகின்றது. நாரை களவிற்குச் சான்றாக நிற்கும்; குருகு தூதாக அழைக்கப்படும்; அன்றில் பிரிவின் துயரைப் பெருக்கும். பரதவன் வலை வீசுவது கடலிலுள்ள மீனின்மேல். கரையிலுள்ள புள்ளின்மேல் அன்று. அக்காலத்துக் கடற்கரை மக்கள் பறவையை உண்ணவே இல்லை என்று இதனாற் கூறுதல் பொருந்தாது. உண்டிருப்பர், அதனைப் பாடத்தகும் பொருளாகப் புலவர் கருதவில்லை என்பதே கொள்ளத்தகும் முடிவு.

இதற்குக் கொல்லாமை அறமே காரணம் என்று சிலர் விடை கூறக்கூடும். அவ்விடை சங்கப் பாட்டுக்களுக்குப் பொருந்துவதன்று. கோவூர்கிழார் நலங்கிள்ளியைப் பாடிய புறப்பாட்டில் சினமிக்க நாயையுடைய வேட்டுவன் மான்தசையைக் கொணர்ந்து நெல்லுக்கு மாறுகின்றான். பெரும்பாணாற்றுப்படையில் எயிற்றியர் தரும் சோற்றோடு நாய் பற்றிய உடும்பின் இறைச்சியும் உண்டு. வல்வில் ஓரியின் ஓர் அம்பு யானை முதல் உடும்பு ஈறாகப் பல உயிர்களை ஊடுருவியதை வன்பரணர் வியந்து பாடுகின்றார். கொலைக்கு அஞ்சிய புலவர் இவற்றைப் பாடியிரார். எனவே காரணம் வேறாதல் வேண்டும்.

அக்காரணத்தைப் புறநானூற்று 214ஆம் பாட்டுக் காட்டுகின்றது. வடக்கிருக்கத் துணிந்த கோப்பெருஞ்சோழன், நல்வினை செய்வோமோ என்று ஐயுற்று நிற்பாரை நோக்கி, யானையை வேட்கச் சென்றவன் யானையையும் பெறக்கூடும், குறும்பூழை வேட்கச் சென்றவன் வறுங்கையனாகவும் திரும்பக்கூடும் என்கின்றான். திருவள்ளுவரும் படைச்செருக்கில் முயலை வீழ்த்திய அம்பினும் யானையைத் தப்பிய வேலே ஏந்துதற்கு இனிது என்றார். இருவர் கூற்றிலும் வேட்டையின் மதிப்பு விலங்கின் பெருமையால் அளக்கப்படுகின்றது. இவை உவமைகளே, வேட்டையைப் பற்றிய தீர்ப்புக்கள் அல்ல என்று கூறலாம். ஆயின் கேட்போர் முன்னரே ஒப்புக்கொண்ட மதிப்பின்மேல் நின்றாலன்றி உவமை தன் தொழிலைச் செய்யாது. யானை பெரிது, பூழ் சிறிது என்னும் மதிப்பீடு அவைக்குப் பொதுவாக இருந்தமையாலேயே அரசனின் சொல் அவையிற் சென்றது.

சிறுமையோடு வஞ்சமும் புள்வேட்டத்தின்மேல் ஏற்றப்பட்டது. கூடாவொழுக்க அதிகாரத்தில், தவவேடத்துள் மறைந்து தீயன செய்வானுக்குப் புதரின் மறைந்து பறவையைப் பிணிக்கும் வேட்டுவன் உவமையானான். ஈண்டு வள்ளுவர் பழிப்பது கொலையை அன்று, மறைவையே என்பது கருதத்தகும். கொலையைப் பழிக்க அவர்க்குத் தனி அதிகாரங்கள் உள்ளன. வலையும் கண்ணியும் கருவியாக உள்ளவரையில் புள்வேட்டுவன் மறைந்தே இருத்தல் வேண்டும். மறைந்திருப்பவன் மறவன் ஆகான். ஆகவே வீரம் பாடிய இலக்கியத்தில் அவனுக்கு இடம் இல்லையாயிற்று.

இனி முதுமையைப் பற்றிய பகுதிக்கு வருவோம். யானையொடு பொருதல் தோள்வலி உள்ள வரையில் இயலும். தோள் தளர்ந்தபின் யானை வேட்டுவன் பாட்டிலிருந்து மறைந்து போகின்றான். புறநானூற்றில் முதுமையைப் பாடிய சிறந்த பாட்டுக்கள் இல்லாமல் இல்லை. தொடித்தலை விழுத்தண்டினார் தண்டூன்றி இருமிக்கொண்டு, ஆழ்ந்த மடுவிற் பாய்ந்து அடிமணலை அள்ளிவந்த இளமையை நினைந்து இரங்குகின்றார். பிசிராந்தையார் ஆண்டு பல கழிந்தும் தமக்கு நரை தோன்றாமைக்குக் காரணம் கூறுகின்றார். இவ்விருவரும் வேட்டையைப் பேசவில்லை.

பேசுவது ஒரே பாட்டு. மாற்பித்தியாரின் 252ஆம் பாட்டில், அருவியில் நனைந்து நிறம் மாறிய சடையோடு தாளியிலை கொய்யும் ஒருவன், முன்னாளில் சொல்லை வலையாக விரித்து மயிலனைய மகளிரைப் பிணித்த வேட்டுவனாக இருந்தான் என்கின்றார் புலவர். புள்வேட்டுவன் ஒருவனின் பிற்காலத்தை எமக்குத் தெரிந்த சங்கப் பாட்டுக்களுள் இது ஒன்றே கூறுகின்றது. அதுவும் உருவகத்தால் கூறுகின்றது. அவனுடைய வேட்டை தேய்ந்து முதிரவில்லை, அறுந்து போயிற்று. வேட்டுவனாக இருந்தான், இப்பொழுது தவசியாக இருக்கின்றான். இடைப்பட்ட ஆண்டுகளைப் புலவர் காட்டவில்லை. ஒருவன் வேட்டுவனாகவே இருந்து மெல்ல மெல்ல முதுமை எய்தும் கதை தமிழிற் பாடப்படாத கதையாகும்.

பிற நாட்டில் இக்கதை எவ்வாறு தோன்றிற்று என்பதை நோக்குதல் பயன் தரும். உருசிய நாட்டு அக்சாக்கோவ் 1791இல் பிறந்தவர். ஒரென்பூர்க்கு மாகாணத்துத் துப்பாக்கி வேட்டையைப் பற்றிய அவர்தம் நூல் 1852இல், அவரது அறுபதாம் அகவையில் வெளிவந்தது. அப்பொழுது அவருடைய கண்ணொளி குன்றியிருந்தது. துப்பாக்கி, மருந்து, ரவை, நாய் என்பவற்றை முதலிற் கூறிப் பின்னர்ப் பறவைகளைச் சதுப்பு, நீர், புல்வெளி, காடு என நால்வகை நிலத்தில் வைத்து அவர் விரிக்கின்றார். கருப்பொருளை நிலத்தோடு இயைத்துக் காணும் தமிழ் மாணவர்க்கு இம்முறை அயலாகத் தோன்றாது. அதே 1852இல் நூலாக வந்த துர்கனேவின் வேட்டைக் குறிப்புக்களில் எர்மொலாய் என்பவனும் அவன் ஒருபோதும் உணவிடாத வலேத்கா என்னும் நாயும் வருகின்றனர். அவனது பழைய ஒற்றைக்குழல் துப்பாக்கி உதைத்து உதைத்து அவன் வலக்கன்னம் இடக்கன்னத்தினும் பருத்திருந்ததாம். கருவி மாந்தனின் உடம்பில் எழுதிய வரலாறு அது. துர்கனேவ் எழுதும்போது இளைஞர், அக்சாக்கோவ் முதியவர். முன்னவர் வேட்டையின் வழியே மாந்தரைக் கண்டார். பின்னவர் வேட்டையின் வழியே பறவையைக் கண்டார். இவ்வேறுபாடு அகவையால் விளைந்தது என்றே யாம் கருதுகின்றோம்.

கருவியின் மாற்றமும் ஈண்டு உளங்கொள்ளத்தக்கது. மோப்பத்தால் பறவையை அறிந்து அசையாது நின்று காட்டும் நாய் வந்தபின் வேட்டுவன் புதரில் மறைய வேண்டுவதில்லை. அவன் வெளிப்பட நடக்கின்றான், பறவை எழுகின்றது, பறக்கும்போதே சுடுகின்றான், பெரும்பாலும் தவறுகின்றான். வள்ளுவர் பழித்த மறைவு இம்முறையில் இல்லை. மேலும் இவ்வேட்டைக்குத் தோள்வலியினும் பொறுமையும் நிலத்தறிவும் மிகுதியாக வேண்டும். அவை முதுமையில் வளர்வன. கால் தளர்ந்தவனுக்கு நாய் காலாகின்றது. அமெரிக்க நாட்டு ஆல்டோ லியோபால்டு, 1949இல் வெளிவந்த தம் நூலில், கௌதாரி வேட்டையில் நாயே ஆசிரியன், தாம் மாணவர் என்று எழுதியதும் இக்கருத்துப் பற்றியே. நம் நாட்டுச் சிப்பிப்பாறை, கன்னி முதலிய நாய்களோ கண்ணாற் கண்டு விரைந்தோடி முயலைப் பற்றுவன. நின்று காட்டுவன அல்ல. நாயின் இயல்பும் இலக்கியத்தின் இயல்பும் இங்ஙனம் ஒத்துச் செல்கின்றன.

அங்ஙனமாயின் தமிழ்க் கரைக்குக் குறையே எஞ்சியதோ? இல்லை. வேடந்தாங்கலில், சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் கலெக்டரிடம் முறையிட்டு 1798இல் காப்பு உரிமைக்குக் கவுல் பெற்றனர் என்பர். பறவையின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாதலை அவர்கள் அறிந்திருந்தனர். பறவையைக் கொன்று அறிந்தவரின் நூல் உருசியத்தில் தோன்றிற்று. காத்து அறிந்தவரின் ஆவணம் தமிழகத்தில் தோன்றிற்று. பின்னது இலக்கியமாக மலராமைக்கு அறிவின் குறை காரணம் அன்று. சிறியதைப் பாடப் பழகாமையே காரணம்.

இவ்வினா பழம்பாட்டோடு முடிவதன்று. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை உரிமத்திற்குள் அடக்கியது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் உரிம வேட்டையையும் ஒழித்தது. கழுவெளி 2021இல் பறவைகள் காப்பகமாகவும், 2024இல் இராம்சார் உடன்படிக்கைக்குரிய நீர்நிலமாகவும் அறிவிக்கப்பட்டது. இவை நன்றே, மீட்டும் துப்பாக்கி எடுக்க வேண்டும் என்பார் அல்லேம் யாம். ஆயின் 1990இல் முப்பது அகவையினனாய் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு நீர்க்கரையில் நின்றவன் இன்று அறுபதைக் கடந்தவன். எந்தக் காற்றில் கிளுவை இறங்கும், எந்த நீராழத்தில் உள்ளான் நிற்கும், ஒவ்வொன்றிற்கும் ஊரார் வழங்கும் பெயர் யாது என்பவற்றை அவன் அறிவான். அவ்வறிவு அவனோடு மறையும் நிலையில் உள்ளது.

சிறுவனாய்க் காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியை வீழ்த்திய சலீம் அலி, அக்குருவியின் பெயரைத் தேடிச் சென்று பறவையியலின் முதல்வரானார். அவர் தம் வாழ்க்கை வரலாற்றை 1985இல், தொண்ணூறை அணுகிய அகவையில் வெளியிட்டபோது, அக்குருவியின் வீழ்ச்சியையே நூற்பெயராக இட்டார். மாற்பித்தியார் காட்டாது விட்ட இடைப்பட்ட ஆண்டுகளை ஒருவர் தம் வாழ்வாலேயே நிரப்பிக் காட்டியமைக்கு இது சான்று. அந்நூல் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. தமிழில் அ. மாதவையாவின் மகனார் மா. கிருஷ்ணன் பறவைகளைப் பற்றி எழுதிய கட்டுரைகள் வழியைத் திறந்துள்ளன.

யானையைப் பாடிய மரபை யாம் குறை கூறவில்லை. அம்மரபால் விடப்பட்டது எது என்பதையே சுட்டினோம். குறும்பூழ் வேட்டுவன் வறுங்கையனாய்த் திரும்பக்கூடும் என்றான் சோழன். அங்ஙனம் திரும்பியவன் கையில் வேட்டை இல்லையாயினும் நெஞ்சில் நிலமும் நீரும் புள்ளும் பற்றிய அறிவு நிறைந்திருந்தது. பெரிய முதலியார்சாவடி முதல் மரக்காணம் வரையுள்ள ஊர்களில் முதியோரிடம் எஞ்சியுள்ள பறவைப் பெயர்களையும் வழக்காறுகளையும் தொகுத்து எழுதுதல் தமிழ்த்துறைகளின் கடமைகளுள் ஒன்றாகும். அதனைக் காலந்தாழ்த்தாது செய்தல் வேண்டும்.