பத்துப் புள்ளி

என் மேசை இழுப்பறையில் ஏழு 555 நோட்டுகள் கிடக்கின்றன. மளிகைக்கடையில் கடன் எழுதி வைக்கிற, சட்டைப்பையில் அடங்குகிற அதே சின்ன நோட்டுதான். நான் அதில் படங்களை எழுதுகிறேன். படத்தின் பெயர், எங்கே பார்த்தேன், நூற்றுக்கு எத்தனை புள்ளி. சில பெயர்களுக்குப் பக்கத்தில் மட்டும் சிவப்பு மையில் +10 என்றிருக்கும். அது உள்ளூர்ப் படங்களுக்கு நானாகப் பார்த்துக் கொடுத்த சலுகை.

நோட்டில் எழுதுவது என் ஒருவனுடைய கிறுக்காக இருக்கலாம். சலுகை கொடுப்பது அப்படியல்ல. மலேசியாவில் தமிழ்ப் படம் பார்க்கிற பெரும்பாலோர் கையில் இந்தப் பத்துப் புள்ளி உண்டு. "நம்ம பிள்ளைங்க எடுத்த படம், குறை சொல்லாதீங்க" என்று எங்கள் ஊர் லூமுட் படகுத்துறைப் பக்கத்துச் சாப்பாட்டுக்கடையில் ஒருவர் சொல்லும்போது அவர் அதைத்தான் கொடுக்கிறார். இத்தனை வருஷம் நானும் கொடுத்துவிட்டு, சரியாகத்தான் செய்தேனா என்று இப்போது பழைய பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் அளவுகோல் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். பழைய நோட்டுகளில் மேல்வரிசை இப்படி: உதிரிப்பூக்கள் 93. வீடு 90. நாயகன் 84. (வேலு நாயக்கர் கிழவரான பிறகு படம் என்னைவிட்டுக் கொஞ்சம் விலகிப்போகிறது. சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.) தொலைக்காட்சியில் மர்மதேசத்தின் 'விடாது கருப்பு' 80, மெட்டி ஒலி 78. எல்லாம் சென்னைச் சரக்கு. அம்மா ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டமொன்றில் வளர்ந்தவர். திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய இரவுகளில், பாயைச் சுருட்டிக்கொண்டு போய் முன்னால் இடம் பிடித்த கதையை இன்றைக்கும் சொல்வார். அதற்குப் பிறகு வாடகை வீடியோ கேசட்டு, அதற்கும் பிறகு 1996இல் வந்த ஆஸ்ட்ரோ செயற்கைக்கோள் தொலைக்காட்சி, அதன்வழி சன் டிவி. துணி மாறியது, பெட்டி மாறியது. படம் வருகிற ஊர் மாறவில்லை. எங்கள் கண் அங்கே பழகிய கண்.

அதில் எனக்கு வருத்தமில்லை. பாலுமகேந்திராவின் வீடு படத்தை கேசட்டில்தான் முதலில் பார்த்தேன். சொக்கலிங்க பாகவதர், பாதி எழும்பிய வீட்டுக்குத் தனியாக வந்து சுவரைத் தடவிப் பார்ப்பார். துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா அந்த இடத்தில் கையை நிறுத்திவிட்டார். தோட்டம் கைமாறி, தொழிலாளர் குடியிருப்பான லயத்தைக் காலி செய்த அன்று என் தாத்தாவும் கடைசியாக உள்ளே போய்ப் பலகைச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தாராம். குடிபோகிற வீடும் விட்டுப்போகிற வீடும் ஒன்றல்ல. ஆனால் அந்தக் கை ஒன்றுதான். சென்னைக்காரர் எடுத்த படம் எங்கள் லயத்துக்குள் அப்படி நுழைந்தது. அதற்கு எந்தச் சிவப்பு மையும் தேவைப்படவில்லை.

இனி உள்ளூர்ப் படங்கள். 1960களின் கடைசியில் வந்த 'ரத்தப் பேய்' என்ற படத்தைத்தான் முதல் மலேசியத் தமிழ்ப் படம் என்பார்கள். என் நோட்டில் முதல் +10 வாங்கியது 2005இல் வந்த தீபக் குமரன் மேனனின் செம்மண் சாலை. 1960களின் ரப்பர் தோட்டம், பல்கலைக்கழகம் போக ஆசைப்படும் ஒரு பெண், செலவைக் கணக்குப் பார்க்கும் குடும்பம். 64 போட்டிருக்கிறேன். நடிகர்கள் பலருக்கு வசனம் வாயில் ஒட்டவில்லை, சில காட்சிகள் முடிந்த பிறகும் ஓடுகின்றன என்று காரணமும் எழுதியிருக்கிறேன். பிறகு சிவப்பு மையில் பத்து. அதே இயக்குநர் 2007இல் பிரிக்பீல்ட்ஸ் பூக்கடைக் குடும்பத்தை வைத்து எடுத்த சலங்கை 68. அதற்கும் பத்து.

அந்தப் பத்தை இன்றைக்கும் நான் திருப்பி வாங்கமாட்டேன். வசனம் மலாயில் இல்லை என்பதால், உள்ளூர்ப் படங்களுக்கு உண்டான கேளிக்கை வரிச் சலுகை அந்தக் காலத்தில் தமிழில் எடுத்த படத்துக்குக் கிடைக்காமல் போனது. இங்கே பிறந்து, இங்கே எடுத்து, இங்கத்துத் தோட்டத்தைக் காட்டிய படம் காகிதத்தில் அயலூர்ப் படமாக நின்றது. அரசாங்கம் கொடுக்காததை ரசிகன் கொடுத்தான், அவ்வளவுதான். வியாபாரமும் அப்படித்தான். தீபாவளிக்கு ரஜினி மாதிரிப் பெரிய நடிகர் படம் வந்துவிட்டால் அரங்குகள் அங்கே போய்விடும். உள்ளூர்ப் படத்துக்கு ஒன்றிரண்டு காட்சி மிஞ்சும், அதுவும் ஆள் வராத நேரத்தில். முதல் சனி ஞாயிறில் கூட்டம் வராவிட்டால் அடுத்த வாரம் படம் இருக்காது. "முதல்ல போய்ப் பாருங்க, அப்புறம் பேசுங்க" என்று கேட்பது பிச்சையல்ல, பிழைப்பு. இந்தச் சலுகை இல்லாமல் பலருக்கு இரண்டாவது படம் வாய்த்திருக்காது. இரண்டாவது படம் இல்லாமல் எவனும் தேறமாட்டான்.

பிறகு ஜகாட் வந்தது. 2015 டிசம்பர், சஞ்சய் குமார் பெருமாளின் முதல் முழுநீளப் படம். ஈப்போ வரை போய்ப் பார்த்தேன். எண்பது கிலோமீட்டருக்குக் குறையாது. அரங்கில் பாதி நாற்காலி காலி. தலைப்பே மலாய்ச் சொல்லான ஜாஹாட்டைத் தோட்டத்து நாக்கு உருட்டிய உருட்டல். தோட்டத்திலிருந்து பெயர்ந்து புறம்போக்கில் குடியேறிய குடும்பங்கள், 1990களின் தொடக்கம், அப்போய் என்கிற பன்னிரண்டு வயசுப் பையன். படி படி என்று அடிக்கிற அப்பா மணியம் ஒரு பக்கம். போதையிலிருந்து மீண்ட ஒரு சிற்றப்பா, குண்டர் கும்பலில் இருக்கிற இன்னொரு சிற்றப்பா மறுபக்கம். முதல் பத்து நிமிஷம் பின்வரிசையில் நாலைந்து பையன்கள் ஒவ்வொரு கெட்ட வார்த்தைக்கும் சிரித்தார்கள். மலாயும் சீனமும் கலந்து ஓடுகிற, வீட்டில் பேசுகிற, மேடையில் ஒளித்து வைக்கிற அந்தத் தமிழைத் திரையில் கேட்கிற கூச்சச் சிரிப்பு. அப்பா பெல்ட்டை உருவியதும் சிரிப்பு நின்றது. பிறகு படம் முடியும்வரை அவர்கள் சத்தம் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து 85 போட்டேன். பழக்க தோஷம், சிவப்பு மையை எடுத்து +10 என்றும் எழுதினேன். கூட்டினால் 95. உதிரிப்பூக்கள் 93இல் நிற்கிறது. அதை எடுத்த மகேந்திரனைவிட இரண்டு புள்ளி மேல்! கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதற்காக அந்தப் பத்து? மொழிக்காகவா? அந்த மொழியை அப்படிக் கேட்டு, அப்படி வெட்டி, அப்படிப் பேச வைத்தது இயக்குநரின் காது. அதற்கு 85க்குள்ளேயே புள்ளி போட்டாகிவிட்டது. எங்கள் வாழ்க்கையைக் காட்டியதற்காகவா? காட்டிய விதத்துக்குத்தான் புள்ளி, காட்டியதற்கே அல்ல. நல்ல படத்தின் தோளில் கை போட்டு "பரவாயில்லையே, நம்ம பையன்கூட இப்படி எடுக்கிறானே" என்று சொல்லியிருக்கிறேன். அதுதான் அந்தப் பத்து. அடித்துவிட்டேன். நோட்டில் இப்போதும் அந்த அடித்தல் தெரிகிறது.

எட்டு மாதம் கழித்து இதே கணக்கு ஊரறிய நடந்தது. 2016இல் 28ஆவது மலேசியத் திரைப்பட விழா. ஜகாட்டையும், தேசியக் கால்பந்துக் குழுவைப் பற்றிய ஓலா போலாவையும் 'தேசிய மொழியல்லாத படம்' என்ற தனிப் பிரிவில் வைத்தார்கள். நாட்டில் பெரிய சண்டையாயிற்று. மலாய்க் கலைஞர்கள் சிலரே எதிர்த்து நின்றார்கள். ஏற்பாட்டாளர்கள் பிரிவுகளை மாற்றினார்கள். கடைசியில் சிறந்த மலேசியத் திரைப்படம் என்ற விருது ஜகாட்டுக்கு வந்தது. அன்றைக்கு நானும் கொதித்தவன்தான். "எங்களுக்கு எதற்குத் தனிப்பெட்டி, ஒரே தராசில் நிறுங்கள்" என்று சாப்பாட்டுக்கடையில் மேசையைத் தட்டியவன். என் இழுப்பறையில் அதே தனிப்பெட்டி சிவப்பு மையில் இருக்கிறது என்பது அப்போது உறைக்கவில்லை. விழாக் குழு செய்தால் ஒதுக்கல், நான் செய்தால் பாசமா?

இரண்டுக்கும் வேறுபாடு உண்டு என்று வாதாடலாம். தனிப்பெட்டிக்காரர் கதவைச் சாத்துகிறார், ரசிகன் கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறான். உண்மைதான். ஆனால் இரண்டு பேருமே எல்லாரோடும் ஒரே பந்தயத்தில் இவன் ஓடமாட்டான் என்று முன்கூட்டியே முடிவு கட்டியவர்கள்.

சலுகையின் கெடுதலை நேரில் பார்த்தது வேறொரு படத்தில். பெயர் வேண்டாம். முதல் காட்சி முடிந்து வெளியே வந்தால், வாசலில் இயக்குநர் கைகூப்பி நிற்கிறார், பக்கத்தில் அவருடைய அம்மா. "எப்படிண்ணே இருந்துச்சு?" படத்தில் நாயகன் காரிலிருந்து இறங்க மூன்று நிமிஷம் ஆகிறது: முதலில் காலணி, பிறகு கண்ணாடி, பிறகு புகை. கோடம்பாக்கத்தில் கழற்றிப்போட்ட சட்டையை இங்கே புதுசாகத் தைத்திருந்தார்கள். பாதி வசனம் காதில் விழவில்லை. "நல்லா இருந்துச்சு தம்பி" என்றேன். எனக்கு முன்னால் போனவரும் அதையே சொன்னார், பின்னால் வந்தவரும் அதையே சொல்லியிருப்பார். நம் சமூகம் சின்னது. இயக்குநர் யாருக்காவது மச்சான், நாயகி யாருக்காவது மாணவி. விமர்சனம் எழுதினால் அடுத்த கல்யாணத்தில் முகம் பார்க்க வேண்டும். ஆக எல்லாரும் வாழ்த்துகிறோம். அவருடைய அடுத்த படத்திலும் நாயகன் அதே மாதிரிதான் காரிலிருந்து இறங்கினான். அந்த மூன்று நிமிஷத்தில் எனக்கும் பங்கு இருக்கிறது.

கபாலி இதற்கு நேர் எதிர். 2016 ஜூலை 22. இங்கே உள்ளூர்க்காரர் எடுக்கவில்லை, ஆனால் எங்களைப் பற்றி எடுத்தது. தோட்டத் தொழிலாளி மகன் கபாலி, சம்பளப் போராட்டம், கும்பல், சிறை, பையன்களுக்குப் பள்ளிக்கூடம். ரஜினி வாயால் ரப்பர் தோட்டத்துக் கதை வருகிறபோது எனக்கே சிவப்புப் பேனா பக்கம் கை போயிற்று. சில நண்பர்கள் பத்தென்ன, இருபது கொடுத்தார்கள். நான் 71இல் நிறுத்தினேன். இயக்குநர் பா. ரஞ்சித்துக்கு எங்கள் வரலாறு தெரிந்திருக்கிறது, எங்கள் பேச்சு தெரியவில்லை. மலாய்ச் சொல் ஒன்றுகூட விழாமல் இங்கே யாரும் ஐந்து நிமிஷம் பேசமாட்டோம். கபாலியின் ஆட்கள் பெரும்பாலும் அப்படித்தான் பேசுகிறார்கள். சீன வில்லன் டோனி லீ வெறும் கோட்டும் சிரிப்பும்தான். சீனர்கள் நிறைந்த சித்தியவான் பக்கத்தில் வாழ்கிறவனுக்கு அது அட்டைப் பொம்மை. மலேசியாவில் ஓடிய பிரதியில், கடைசியில் கபாலி போலீசில் சரணடைந்ததாக ஒரு வரியைச் சேர்த்தார்கள். சலுகை என்று வந்துவிட்டால் கலை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் வளையும் என்பதற்கு அந்த வரி போதும்.

எங்கள் வீட்டைக் காட்டிய இன்னொரு படம் யஸ்மின் அகமாட்டின் டேலன்டைம் (2009), ஈப்போவில் எடுத்தது. காது கேளாத மகேஷ், மலாய்க் கலப்புக் குடும்பத்துப் பெண் மேலூரை மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போய் விடுகிறான். கல்யாண நாளன்று கொல்லப்பட்ட தன் தம்பியை நினைத்து மகேஷின் அம்மா அழுகிற அழுகையை எங்கள் ஆட்கள் எடுத்த எந்தப் படத்திலும் நான் பார்க்கவில்லை. மலாய் இயக்குநர். 88. யாரும் என்னிடம் ஆதரவு கேட்கவில்லை.

தொலைக்காட்சியைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். ஆஸ்ட்ரோவின் வானவில்லிலும் விண்மீனிலும் உள்ளூர்த் தொடர்கள் வருகின்றன, படப்பிடிப்பும் ஒளியமைப்பும் பத்து வருஷத்துக்கு முன்பிருந்ததைவிட எவ்வளவோ மேல். ஆனால் மெட்டி ஒலியில் ஐந்து பெண்களைப் பெற்ற சிதம்பரம் ஒரு சீர்வரிசைக்குப் பணம் புரட்ட அலைவதைப் பார்க்கும்போது நமக்கும் மூச்சு வாங்கும். நம் தொடர்களில் பலரும் மாடி வீட்டில் இருக்கிறார்கள், என்ன வேலை செய்கிறார்கள் என்று தெரிவதில்லை. இதைச் சொன்னால் "லோக்கல்லா, பார்த்துச் சொல்லுங்க" என்கிறார்கள். பார்த்துத்தான் சொல்கிறேன்.

போன மாதம் அக்கா மகன் ஒரு குறும்படம் எடுத்துக்கொண்டு வந்தான். பதினொரு நிமிஷம், எங்கள் படகுத்துறையில் எடுத்தது. பங்கோருக்குப் படகேறப் போகும் ஒரு கிழவருக்கும் பயணச்சீட்டு விற்கிற பெண்ணுக்கும் நடக்கிற பேச்சு. கைத்தொலைபேசியில் இரண்டு முறை பார்த்தேன். 555ஐ எடுத்து 48 என்று எழுதினேன். எட்டிப் பார்த்தான்.

"மாமா, உள்ளூருக்குப் பத்து உண்டுன்னு அம்மா சொன்னாங்களே. போட்டா 58, பாஸ்."

"கிழவர் என்ன சொல்றாருன்னு எனக்கு ஒரு வார்த்தை விழலைடா."

முகம் சுருங்கிவிட்டது. போட்ட சோற்றை அரைகுறையாகச் சாப்பிட்டான். அக்கா என்னை முறைத்தாள். மறுநாள் காலை ஆறரைக்கு வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். படகு ஓடாத நேரத்தில் துறை எப்படிக் கேட்கிறது என்று பார்க்க வேண்டுமாம், கூட வரச் சொன்னான். போனோம். படகு இல்லை, ஆனால் சும்மாவும் இல்லை: கயிறு முனகுகிறது, தூணில் தண்ணீர் அடிக்கிறது, எங்கேயோ ஒரு வானொலி. காதில் மாட்டும் கருவியை எனக்குக் கொடுத்துவிட்டு, அந்தக் கிழவர் நின்ற இடத்தில் போய் நின்று பேசிக் காட்டினான்.

"இப்ப விழுதா, மாமா?"

பாதி விழுந்தது.